கதவைத் தட்டி என்ன கேட்பது?

2021 ஜூன் கடைசியில் நாடு முழுக்க வீடுகளில் வெள்ளைக் கொடி ஏறத் தொடங்கியபோது, கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் குடியிருக்கும் பிளாட்டில் ஒன்றுகூட ஏறவில்லை. பசி இருந்தது. எங்கள் மாடியிலேயே இருந்தது.

மலேசியாவுக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. கையில் காசில்லாமல் முடங்கிப்போனவர்கள் யாரிடமும் போய் நிற்க வேண்டாம், வாசலிலோ சன்னலிலோ ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினால் போதும், பார்க்கிறவர்கள் சாமான் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதுதான் வெள்ளைக் கொடி இயக்கம். மனிதர்கள் மனிதர்களுக்காகத் தொடங்கியது. நிறையக் குடும்பங்கள் அதனால் சாப்பிட்டன. ஆனால் ஒரே நடைபாதையில் வரிசையாக வீடுகள் இருக்கும் கட்டடத்தில், மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு அம்மா வாசலில் வெள்ளைத் துணி கட்டுவாரா? கட்டவே மாட்டார். தண்ணீரைக் குடித்துவிட்டு ‘சாப்பிட்டாச்சு’ என்பார்.

கொரோனா காலத்தில் நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி இதைச் சுற்றித்தான். வாய்விட்டுக் கேட்காதவர்களிடம் எப்படிப் போவது, போய் என்ன கேட்பது? வெளியாட்களிடம் மட்டும் இல்லை, சொந்த வீட்டுக்குள்ளும் அதே கேள்விதான் வந்தது.

எங்கள் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் வீட்டிலேயே ரவிக்கை தைப்பவள். வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டுபவர். மூன்று பிள்ளைகள், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள மாமியார். 2020 மார்ச் 16 இரவு பிரதமர் முகைதீன் யாசின் தொலைக்காட்சியில் வந்து நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தார். 18ஆம் தேதி அமலுக்கு வந்தது. முதலில் மார்ச் 31 வரை என்றுதான் சொன்னார்கள். பள்ளிகள் மூடினால் வேனுக்கு வேலை இல்லை. கல்யாணம் காதுகுத்து இல்லையென்றால் ரவிக்கைக்கும் ஆள் இல்லை. ஒரே வாரத்தில் இரண்டு வருமானமும் நின்றுவிட்டன.

அரசாங்க உதவி வந்தது. மாதம் 4,000 வெள்ளி (ரிங்கிட்) வரை சம்பாதிக்கும் குடும்பங்களுக்கு 1,600 வெள்ளி என்று அறிவித்தார்கள். ஏப்ரல் முதல் ஆறு மாதத்துக்கு வங்கிக் கடன் தவணைகளைத் தள்ளிவைத்தார்கள். ஊழியர் சேமநிதியில் இரண்டாம் கணக்கிலிருந்து மாதம் 500 வெள்ளி வரை எடுக்கலாம் என்றார்கள். எங்களுக்கு வேன் தவணை நின்றது பெரிய மூச்சு. ஆனால் தள்ளிப்போட்ட தவணை பின்னால் வந்து நிற்கும் என்பதால், அந்தப் பணத்தைச் செலவுக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது என்று முடிவு செய்தோம். வாடகை, கேஸ், மருந்து, மின்சாரம், போன் டேட்டா ஆகிய ஐந்தை மட்டும் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டினேன். இதில் எதைக் கட்ட முடியாதோ அவர்களுக்குத் தேதி வருவதற்கு முன்பே போன் செய்துவிடுவது. வீட்டுக்காரம்மாவிடம் முதல் மாதமே பேசினோம். பாதி வாடகை கொடுத்தால் போதும், மீதியைப் பிறகு பார்ப்போம் என்றார். தேதி கடந்த பிறகு கேட்டிருந்தால் அந்தப் பதில் வந்திருக்காது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். வேனில் வரும் பிள்ளைகளின் பெற்றோர் சிலர், வேன் ஓடாத மாதத்துக்கும் பாதிக் கட்டணம் அனுப்பினார்கள். அவர்களும் வசதியானவர்கள் இல்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் கண் கலங்கும்.

முதல் ஆணைக் காலத்தில் வீட்டுக்கு ஒருவர்தான் சாமான் வாங்கப் போகலாம், அதுவும் பத்து கிலோமீட்டருக்குள். ஏப்ரலில் செலாயாங் மொத்தச் சந்தையைச் சுற்றியுள்ள பகுதியை முள்வேலி போட்டு அடைத்தார்கள். காய்கறிக்கு என்ன ஆகுமோ என்ற பயம் பசாரில் எல்லார் முகத்திலும் தெரிந்தது. மருத்துவமனைகளுக்குப் பாதுகாப்பு அங்கி போதவில்லை என்று தன்னார்வலர்கள் தையல்காரர்களைத் தேடினார்கள். நானும் தைத்தேன். காசு கிடையாது. அந்தத் துணியில் நூலைப் பிரித்துத் திரும்பத் தைத்தால் ஊசித் துளை அப்படியே நின்றுவிடும், முதல் முறையே சரியாக ஓட்ட வேண்டும். காலையில் மிஷின் முன்னால் உட்கார ஒரு காரணம் கிடைத்ததே, அதுவே எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

சரி, பசிக்கு வருகிறேன்.

பிளாட்டில் நடைபாதை வழியாக நடந்தால் யார் வீட்டில் என்ன சமையல் என்று மூக்குக்குத் தெரிந்துவிடும். இந்த வீட்டில் நெத்திலி சம்பால், அந்த வீட்டில் ரசம், கடைசியில் சீனர் வீட்டில் பூண்டு வதக்கும் வாசம். எங்கள் மாடியில் தனியாக இருந்த பாட்டி ஒருவர் வீட்டிலிருந்து மட்டும் சில நாட்களாகத் தாளிக்கும் வாசமே வரவில்லை. கதவருகே போய், “பாட்டி, சாப்டிங்களா?” என்றேன். “ஆச்சும்மா, நீ சாப்டியா?” என்றார். மறுநாளும் அதே கேள்வி, அதே பதில்.

பிறகு கேள்வியை மாற்றினேன். “பாட்டி, ஒங்க கேஸ் எப்ப மாத்துனீங்க? எங்களுக்கு நாளைக்குத் தோம்பு வருது, ஒங்களுக்கும் சேத்துச் சொல்லிடவா?” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அது முடிஞ்சு நாளாச்சும்மா” என்றார். உள்ளே போய்ப் பார்த்தேன். அரிசி இருந்தது, ஒரு பை நிறைய, கோயிலிலிருந்து கொடுத்தது. சார்டின் டின்களும் இருந்தன. அடுப்பு எரிய வழியில்லை. பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். 14 கிலோ கேஸ் தோம்பின், அதாவது சிலிண்டரின், விலை அப்போது 26 வெள்ளி 60 காசு. அது இல்லாமல் அந்த அரிசியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

‘உதவி வேண்டுமா?’ என்று கேட்டால் நம் ஆட்கள் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். ‘எப்படி இருக்கீங்க?’ என்றால் நல்லா இருக்கோம் என்பார்கள். அது பொய்யும் இல்லை. மானத்தோடு வாழ்ந்த ஒருவர் சொல்லக்கூடிய பதில் அது ஒன்றுதான். நிலைமையைக் கேட்காமல் பொருளைக் கேட்க வேண்டும். அரிசி எத்தனை நாளைக்கு வரும்? கேஸ் எப்போது மாற்றினது? மாத்திரை எந்தத் தேதி வரை இருக்கிறது? போனில் டேட்டா இருக்கிறதா? இவற்றுக்கு உண்மையான பதில் வரும், ஏனென்றால் பதில் சொல்வதில் தலைகுனிவு இல்லை.

2021இல் நிலைமை இன்னும் மோசமானது. ஜூன் 1 முதல் நாடு மறுபடி முழுசாக மூடியது. முதல் வருடம் சேமிப்பைக் கரைத்துச் சமாளித்தவர்களிடம் இந்த முறை கரைக்க ஒன்றும் இல்லை. அப்போதுதான் நாங்கள் சிலர் சேர்ந்து மாடிக்கு ஓரிருவர் என்று பிரித்துக்கொண்டோம். எங்கள் மாடிக்கு நானும் எதிர்வீட்டு மலாய்க்கார அக்காவும். வாரத்துக்கு ஒரு தடவை எல்லா வீட்டுக்கும் போன். எல்லா வீட்டுக்கும், வேலை பறிபோகாத வீட்டுக்கும்கூட. இதை அழுத்திச் சொல்கிறேன். இல்லாதவர்களுக்கு மட்டும் போன் போனால், போன் வருவதே அடையாளம் ஆகிவிடும். எல்லோரிடமும் அதே நான்கு கேள்வி. வாசலில் சாமான் பை வைக்கும்போதும் அப்படித்தான். தேவைப்படாத வீட்டு வாசலில் இரண்டு முருங்கைக்காய் இருக்கும் ஒரு சின்னப் பை, தேவைப்படும் வீட்டு வாசலில் அதே நிறத்தில் கொஞ்சம் கனமான பை. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வசதி இருந்தவர்கள் பையைத் திருப்பித் தரும்போது உள்ளே பத்து வெள்ளியோ ஒரு பாட்டில் எண்ணெயோ வைத்தார்கள்.

பையில் என்ன வைப்பது என்பதிலும் யோசிக்க நிறைய இருந்தது. உதவி என்றாலே அரிசி, சார்டின், மீஹூன் என்று எல்லோரும் கொடுக்கிறார்கள். சைவம் சாப்பிடுபவர் வீட்டில் சார்டின் டின் அடுக்கிக் கிடக்கும், பருப்பு இருக்காது. யாருக்கும் கேட்க வாய் வராத பொருட்கள்தான் முதலில் தீரும்: மாதவிடாய் பேட், கைக்குழந்தையின் பால் மாவு, படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவரின் டயப்பர். பால் மாவு என்றால் என்ன பிராண்ட், எந்த வயதுக்கானது என்று டின்னைப் படம் எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். டயப்பருக்கும் அளவு உண்டு. ஒரு வயசுப்பெண், அம்மா அப்பா இருக்கும் வீட்டில், பேட் வாங்கக் காசு கேட்க முடியாமல் பழைய துணியைக் கிழித்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்லித் தெரியவில்லை. என் பெரியவள் அவளோடு பேசியதில் தெரிந்தது. அதற்குப் பிறகு எல்லாப் பையிலும் ஒரு பாக்கெட் வைத்தோம், பாட்டி வீட்டுக்கும்.

மருந்து தனிக்கதை. அரசு மருத்துவமனைகளில் பலருடைய தேதிகள் தள்ளிப்போயின. மருந்து தீரும் தேதி யாருக்காகவும் தள்ளிப்போவதில்லை. மருந்தைத் தபாலில் அனுப்பும் சேவை மருத்துவமனை மருந்தகங்களில் முன்பிருந்தே இருக்கிறது. வயதானவர்கள் பலருக்கு அது தெரியவில்லை, தெரிந்தவர்களுக்கு மலாயில் பேசிப் பதிவு செய்யத் தயக்கம். படித்த பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு பெரியவர்களை எடுத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்து கொடுத்தார்கள். உங்கள் வீட்டுப் பெரியவரின் மருந்துப் பெயர், அளவு, அடுத்த தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி, படம் எடுத்து உங்கள் போனிலும் வைத்திருங்கள். இரவு இரண்டு மணிக்கு ஆம்புலன்ஸ்காரர் கேட்கும்போது ‘அந்த வெள்ளை மாத்திரை’ என்று சொன்னால் யாருக்கும் புரியாது.

இந்தக் கேள்வி வித்தை எங்கள் வீட்டுக்குள்ளும் உயிரைக் காப்பாற்றியது. 2021 ஆகஸ்டில் தொற்று உச்சத்தில் இருந்தது. 26ஆம் தேதி ஒரே நாளில் 24,599 பேர். அந்த மாதம்தான் வீட்டுக்காரருக்கும் வந்தது. மாமியாருக்கு அதற்குள் இரண்டு ஊசியும் போட்டாகிவிட்டது. இவர் இரண்டாவதுக்குக் காத்திருந்தார். கொரோனா மதிப்பீட்டு மையத்தில் கைப்பட்டை கட்டி, அறிகுறி லேசாக இருக்கிறது, வீட்டிலேயே இருங்கள் என்று அனுப்பினார்கள். அவருக்குத் தனி அறை, சன்னல் எப்போதும் திறந்தே. குளியலறை ஒன்றுதான் என்பதால் அவர் கடைசியாகப் போவார், போய் வந்ததும் வெகுநேரம் கதவைச் சாத்தி, உள்ளே காற்று வெளியேற விட்டோம். சாப்பாட்டுத் தட்டு வாசலில் ஒரு முக்காலி மேல்.

என்ன கேட்டாலும் “ஒன்னும் இல்ல, சளிதான்” என்பார். கேட்டுப் பயனில்லை என்று தெரிந்து, காலை, மதியம், மாலை, படுக்கும் முன் என்று ஆக்சிமீட்டர் எண்ணைக் கதவுக்கு வெளியே சத்தமாகச் சொல்ல வைத்தேன். சின்னவன் நோட்டில் எழுதுவான். இந்த நோயில் மூச்சு வாங்காமலேயே இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்துவிடும் என்று படித்திருந்தேன். அளக்கும்போது சில விஷயங்கள் முக்கியம்: ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு அளக்க வேண்டும், விரல் சூடாக இருக்க வேண்டும், நகப்பூச்சு இருக்கக் கூடாது. கறுத்த சருமத்தில் இந்தக் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2021 பிப்ரவரியில் எச்சரித்தது. நம் ஆட்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. அதனால் ஒரு எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடையாமல், நேற்றைவிட இன்று குறைகிறதா என்று பார்க்க வேண்டும்.

நோட்டில் 97, 97, 96 என்று வந்தது. ஒரு நாள் மாலை 95. படுக்கும் முன் 94. அறைக்குள் நாலு தரம் நடக்கச் சொல்லி மறுபடி அளந்தால் 92. அப்போதும் அவர் “தூங்கினா சரியாயிடும், காலைல பாக்கலாம்” என்றார். நான் அவசர எண் 999-க்கு அடித்தேன். மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தார்கள், ஸ்டீராய்டு கொடுத்தார்கள், பிழைத்து வந்தார். காலை வரை காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னதை நான் எழுதப்போவதில்லை.

எங்கள் கட்டடத்தில் எல்லோரும் பிழைக்கவில்லை. மூன்றாவது மாடி அண்ணன் ஒருவர், கோயில் திருவிழா என்றால் தண்ணீர்ப்பந்தல் போடும் முதல் ஆள், மருத்துவமனைக்குப் போனவர் திரும்பவில்லை. அவர் மனைவி போனில்தான் கடைசியாக முகம் பார்த்தார். துக்கத்துக்குப் போக முடியாத காலம். ஆளுக்கு ஒரு நாள் என்று முறை போட்டு அந்த அக்காவுக்குப் போன் செய்தோம். அழட்டும் என்று கேட்டுக்கொண்டே இருப்போம், முடிக்கும்போது மட்டும் ‘நாளைக்கு என்ன சமைக்கப் போறீங்க?’ என்று கேட்போம். அவர் ஒரு பெயர் சொன்னால், அதற்கு வேண்டிய சாமான் வாசலில் இருக்கும்.

பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று பேருக்கு ஒரு போன், இணையவழி வகுப்போ ஒரே நேரத்தில். 2021 பிப்ரவரியில் கல்வி அமைச்சு டிடிக் டிவி என்று தனி அலைவரிசையே தொடங்கியது, சின்னவனுக்கு அது கொஞ்சம் உதவியது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் நிலைமை புரிந்தவர்கள். நேரடி வகுப்புக்கு வர முடியாவிட்டால் குரல் பதிவு அனுப்புகிறேன், இரவு கேட்கட்டும் என்றார் ஒரு டீச்சர். பயிற்சித்தாளை அச்சடித்து வளாகக் கடையில் வைத்துவிட்டுப் போனார் இன்னொருவர். ‘படிச்சியா?’ என்று கேட்டால் பிள்ளை ‘படிச்சேன்’ என்கிறது. ‘எந்தப் பக்கம், எனக்கு வாசிச்சுக் காட்டு’ என்றால்தான் எங்கே நிற்கிறது என்று தெரியும். நடுவுள்ளவள் வகுத்தல் கணக்கில் ஒரு வருடம் பின்தங்கியிருந்தது இப்படித்தான் தெரிந்தது.

மனசு விஷயத்திலும் ஆண்களிடம் நேராகக் கேட்டால் பதில் வராது. வேன் ஓடாத மாதங்களில் இவர் இரவெல்லாம் விழித்திருந்தார். ‘கவலையா இருக்கா?’ என்றால் எரிச்சல்தான் வரும். ‘நேத்து எத்தனை மணிக்குத் தூங்குனீங்க?’ என்றால் நாலு மணி என்று சொல்லிவிடுவார். ஒரு வாரமாக நாலு மணி என்றால் அதைச் சும்மா விட முடியாது. மாலைச் செய்தியில் அப்போதைய சுகாதாரத் தலைமை இயக்குநர் டாக்டர் நூர் ஹிஷாம் சொல்லும் எண்ணிக்கையை ஒரு முறை கேட்பதோடு சரி, அதற்குப் பிறகு தொலைக்காட்சியில் கொரோனா இல்லை என்று வீட்டில் விதி வைத்தோம். காலையில் வேனைக் கழுவி எஞ்சினை ஓடவிட்டு வருவார், ஓடாவிட்டாலும். பக்கத்து மாடியில் ஒரு வீட்டில் சத்தமும் அடியும் இருந்தது. அந்தப் பெண்ணிடம் ‘அவர் அடிக்கிறாரா?’ என்று யாரும் கேட்கவில்லை. ‘ராத்திரி எங்க வீட்டுல வந்து பிள்ளைங்களோட படுத்துக்கிறியா?’ என்று எதிர்வீட்டு அக்கா கேட்டார், தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசியின் 15999 எண்ணை அவள் போனில் ‘கேஸ் கடை’ என்ற பெயரில் சேமித்தும் கொடுத்தார். அவள் வந்தாள்.

2021 அக்டோபரில் பெரியவர்களில் 90 விழுக்காட்டினர் முழுமையாகத் தடுப்பூசி போட்டு முடித்ததும் மாநிலம் விட்டு மாநிலம் போகலாம் என்று அனுமதித்தார்கள். பள்ளி வேன் மெல்ல ஓடத் தொடங்கியது. டிசம்பர் நடுவில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் வந்தபோது, எங்கள் மாடிப் பட்டியல் இரண்டு மணி நேரத்தில் சமையல் குழுவாக மாறியது. வீட்டுக்காரர் வேனில் சாப்பாட்டுப் பொட்டலங்களோடு போனார். பையில் என்னென்ன என்று யாரும் கூடிப் பேசவில்லை. பேட், டயப்பர், பால் மாவு, காய்ந்த துணி, மருந்து எழுதிக்கொள்ள ஒரு தாளும் பேனாவும் முதல் பெட்டியிலேயே போயின.

பட்டியல் இன்றும் இருக்கிறது. தீபாவளிக்கு முன் ஒரு முறை, பள்ளி திறக்கும்போது ஒரு முறை எல்லா வீட்டுக்கும் போன் செய்து எண்களைச் சரிபார்க்கிறோம். புதிதாகக் குடிவந்தவர்களிடம் பேசும் வேலையை இப்போது என் பெரியவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். கேஸ் எப்போது மாற்றினீர்கள் என்றுதான் அவளும் தொடங்குகிறாள்.